பதினேழாம் நம்பர் கிரகத்தின் காய்ச்சல்

தோட்டப்பாளையம், வேலூர்
9.11.2006

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், பின்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இங்கே விட்டுவிட்டு மழை, அப்பா ஆம்பூர் ரயிலில் குடையை மறந்து வைத்துவிட்டு நனைந்து வந்து தும்முகிறார், பக்கத்து வீட்டு பில்கிஸ் நீ எப்போது வருவாய் என்று கேட்டபடி இருக்கிறாள்.

போன ஞாயிறு போனில் நீ சொன்னதே மனதில் ஓடுகிறது. நீங்கள் செய்யும் விண்வெளி கம்ப்யூட்டர் விளையாட்டில் சாட்டிலைட்டை அனுப்புகிறவர்கள் அப்புறம் அதைத் திரும்பியே பார்ப்பதில்லை, தினமும் அது தருவது அதே பத்துப் பாயிண்ட்தான், கிறிஸ்துமஸுக்குள் ஒரு வழி கண்டுபிடிக்காவிட்டால் சாட்டிலைட்டையே விளையாட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றாய். மூன்று வருஷம் நீ உட்கார்ந்து செய்ததாயிற்றே. உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன், நீ அனுப்பிய சிடியில் நானும் ஒரு சாட்டிலைட் விட்டு ஐந்து மாதமாகப் பார்த்துக்கொள்கிறேன். யாருக்கும் வேண்டாத பதினேழாம் நம்பர் கிரகம். வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா, பழைய டெம்பரேச்சர் சார்ட் ஒன்றை எடுத்து சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் சூட்டைப் புள்ளி வைத்துக் குறித்தேன். வெளியே மழை பெய்ய, உள்ளே அது மெதுவாகச் சுற்ற, நான் இருப்பது வீடா வார்டா என்றே சில நாள் தெரியாது. ஒரு நாள் சூடு திடீரென்று ஏறியது. இன்ஃபெக்‌ஷன்தான் என்று பதறிப்போய் அப்பாவைக் கூப்பிட்டேன், இன்னா, கிரகத்துக்கு மாத்திரை வாங்கி வரட்டுமா என்று கேட்டுச் சிரித்தார். விடாமல் குறித்து வந்ததில் நாற்பத்தோரு நாளுக்கு ஒரு தடவை அந்தக் காய்ச்சல் வருகிறது. புழுதிப் புயல். அதை அங்கே வைத்தது நீதானே, யாரும் காணவில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாயிண்டை ஜாஸ்தி பண்ணாதே மகளே. வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பெண்களும் எமர்ஜென்சிக்குத்தான் ஓடுவார்கள், மாசக்கணக்கில் படுத்திருக்கும் நோயாளியின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டைப் படிக்கக் கற்றபிறகு அந்தப் படுக்கையை விட்டு நகரமாட்டார்கள். ஆடுகிறவனுக்கும் அப்படி ஒரு சார்ட் கொடு. நாள் ஆக ஆகக் கோடு வளரட்டும், புயல் வரும் நாளைக் கூடவே இருந்தவன் மட்டும் முன்னால் சொல்லட்டும். என் சார்ட்டை இதோடு வைத்திருக்கிறேன், உன் ஆபீஸில் காட்டு.

கூட இன்னொரு சார்ட்டும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நீ போன நாளிலிருந்து ஞாயிறுதோறும் போனை வைத்ததும் குறிப்பேன், எத்தனை நிமிஷம் பேசினாய், சிரித்தாயா, என்ன சாப்பிட்டாய் என்று. ஆகஸ்டிலிருந்து கோடு இறங்கிக்கொண்டே போகிறது. நல்லா இருக்கேன்மா என்று மட்டும் வாரம் தவறாமல் சொல்கிறாய், அந்தப் பத்துப் பாயிண்ட் மாதிரி. எனக்கு பயமாக இருக்கிறது. சாட்டிலைட்டை வைத்தாலும் எடுத்தாலும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துவிடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காதை மூடிக்கொண்டு வெளியே போ. வரும் ஞாயிற்றுக் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறேன், உள்ளதைச் சொல்.

உன் அம்மா,
ஜெயபுஷ்பம் நத்தானியேல்