கை வைக்க விடாத படிப்பு

ஜூன் 4
எங்கள் கல்லூரியில் நான் தொடங்கும் மின் உற்பத்திப் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகம் ஒப்புதல் தந்துவிட்டது! அனல்மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூம் நாற்காலிகளில் எப்போதும் வெளியூர்க்காரர்கள்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாம்பல் அள்ளும் வேலை. அணைந்து குளிர்ந்த மின் உற்பத்தி யூனிட்டைத் தன் கையால் மறுபடி ஓட்டிப் பழகியவருக்கே அந்த நாற்காலி. என் மாணவர்களுக்கு அந்தப் பயிற்சி உண்டு. நிலையத்தின் தலைமைப் பொறியாளர் என் அண்ணன்தானே. “நீ ஆள சேரு, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றான்.

ஜூன் 19
மகளைச் சேர்க்க ஒரு வெல்டர் தயங்கினார். “வேற காலேஜ்லயும் எடம் கெடச்சிருக்கு மேடம். உங்கள நம்பலாமா?”
“எங்க அண்ணனே அங்க இருக்காரு” என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு!

ஜூலை 2
எல்லா இடமும் நிரம்பிவிட்டது. அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

ஜூலை 11
பாடத்திட்டக் கூட்டம். நிலையத்தின் சார்பில் அண்ணன் வந்திருந்தான். யூனிட் ஓட்டும் பயிற்சியை எடுத்துவிட்டு ‘பார்வையிடல்’ என்று போடச் சொன்னது அண்ணன். பாதுகாப்பாம்! என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

வராந்தாவில் அவனை மடக்கிக் கேட்டேன். “நிலையத்தோட லைசென்ஸ் புதுப்பிக்க உள்ளூர்ல ஒரு படிப்பு இருக்கணும், அவ்ளோதான். ஆப்பரேட்டர கம்பெனி வெளியேருந்து கொண்டாரும். உனக்கெதுக்கு வம்பு?” என்றான்.

அடப்பாவி. இவனுக்கு முன்னாடியே தெரியுமா? தெரியும். தெரிஞ்சுதான் ஆள சேக்கச் சொன்னான். என் வாயாலயே வீடு வீடா பொய் சொல்ல வச்சிட்டானே — கூடப் பொறந்தவனே கழுத்தறுத்தா யார்கிட்ட போய் சொல்றது?

ஜூலை 12
வெல்டரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “அந்தக் காலேஜ்ல அட்மிஷன் முடிஞ்சிருச்சே மேடம்” என்றார்.

ஜூலை 14
அம்மா: “நீரடிச்சு நீர் விலகுமாடி?” விலகும்மா. விலகிடுச்சு.

செப்டம்பர் 8
அண்ணன் மகள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். படிக்கப் போயிருக்கிறாள் என்று தெரியும். என்ன படிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

“அத்தை, இன்னிக்கு எங்கள வச்சே ஒரு யூனிட்ட ஸ்டார்ட் பண்ணாங்க! கை வச்சுப் பழகுனாத்தான் படிப்புன்னு அப்பாதான் தேடித் தேடி இந்தக் காலேஜப் புடிச்சாரு.”

“சந்தோஷம்டா கண்ணு” என்றேன். குழந்தை என்ன செய்யும்?

நாளை என் வகுப்பிலும் அதே யூனிட் ஸ்டார்ட் பண்ணும் பாடம்தான். போர்டில் படம் போட்டு நடத்த வேண்டும்.