காபி டப்பாவில் இருந்த கம்பி

லியோனார்டு,

விபத்து நடந்த இந்த மூன்று வாரமாக மனதுக்குள்ளேயே உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: நம் மகன் ஜெரோம் கார் வேகமாக ஓட்டுகிறவன் இல்லை.

இறைச்சி வைத்த முட்டைக்கோஸ் அடுப்பின்மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள். விபத்தை விசாரிக்கும் ஷெரீஃப் அலுவலகத்து ஆள் நம் வாக்குமூலத்தை வாங்கிக்கொள்ள நான்கு மணிக்கு வருவார்.

காலையில் கராஜில் ஆணி தேடியபோது காபி டப்பாவுக்குள் அந்தக் கம்பியைப் பார்த்தேன். கியர் ரிவர்ஸில் இருந்தாலொழிய ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் இடம்வரை சாவியைத் திருப்பவிடாத கம்பி. ஜெரோமின் காரில் மாட்டிய புது கியர் லிவருக்கு இடைஞ்சல் என்று கழற்றினாய். "இதெல்லாம் கிழவிங்களுக்கு வச்சது, வாண்டா" என்று சிரித்தாய். கழற்றியதைப் பையனிடம் நீ சொல்லவில்லை.

பெட்ரோல் கிடைக்காத இந்த வருடம் முழுக்க அவன் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்தே வந்தான். அந்தக் கம்பி இருந்தவரை சாவி அணைப்பதோடு நின்றது. அன்று சாவி ஒரு திருப்பு கூடிப்போய் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது; அவனால் காரைத் திருப்ப முடியவில்லை.

"அவன் எப்பவும் வேகமா போவான்னு எழுதி வச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டுடு. செத்தவனுக்கு இனிமே என்ன கெட்டுப்போகுது?" என்றாய் நேற்று.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நீ அழுவது எனக்குக் கேட்கிறது. உன்மேல் எனக்கு வெறுப்பு இல்லை.

வாண்டா

பி.கு. நீ எழுதிவைத்த அந்த வாக்குமூலத் தாள் சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில். கம்பியையும் அதன்மேல் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.