எண்ணெய் குடிக்காத உருளைக்கிழங்கு

என்னங்க,

கடை திறக்கக் கிளம்பிவிட்டேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். மூடி வைத்திருக்கும் உருளைக்கிழங்கில் முதலில் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள்; மீதியை அப்புறம் படியுங்கள்.

கடித்தாயிற்றா? அது வாணலியில் பொரித்ததில்லை. நீங்கள் வாங்கி வந்த ஏர் ஃப்ரையரில் செய்தது. ஆமாம், "என் கைப்பக்குவம் கசந்துபோச்சா? அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று கத்திவிட்டு நான் பரணில் ஏற்றிய அதே பெட்டிதான். ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் கேட்டது. நான் புடவை கட்டி முடிப்பதற்குள் பொன்னிறமாக வறுத்துவிட்டு, மணியடித்து என்னைக் கூப்பிட்டது. சும்மா சொல்லக் கூடாது, படு கெட்டிக்காரப் பெட்டி!

உங்கள் நெஞ்சுவலிக்கு டாக்டர் எண்ணெயை நிறுத்தியதிலிருந்து தினமும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறீர்கள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. இன்றைக்குத் தட்டு காலியாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் என் தம்பி வருவான். "அக்கா கைப்பக்குவமே தனி மாமா!" என்பான். பெட்டியைப் பற்றி மூச்சு விடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள்.

பி.கு: ஆறியிருந்தால் பெட்டியிலேயே சூடாக்குங்கள். வாணலியைத் தேட வேண்டாம். அது இப்போது பரணில் இருக்கிறது. நானேதான் ஏற்றினேன்.