அண்ணாவுக்குக் கொடுத்த கொத்தமல்லித் தண்ணி

என் உயிரான அண்ணா,

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கெலிஓயா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நீங்கள் நின்ற அதே இடத்தில், அண்ணி மறுபடியும் இலைக்கஞ்சி விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூட நிற்கிறேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும்.

தேயிலைத் தொழிற்சாலையை மூடியபோது நீங்கள் வீட்டில் முடங்கிக் கிடப்பீர்கள் என்றுதான் நாங்கள் பயந்தோம். நீங்களோ வாய்க்கால் ஓரத்தில் இருந்த சேற்று நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வல்லாரை நட்டீர்கள். அடுத்த பாத்தியில் பொன்னாங்காணி, வேலியோரம் கறிக்கு வாசம் தரும் ரம்பையும் சேரையும், மேட்டில் கோவைக் கொடி. வல்லாரையை வேரோடு பிடுங்கினால் உங்களுக்குக் கோபம் வரும். தண்டைக் கிள்ளி எடுக்க வேண்டும், ஓடுகொடியில் கை படக்கூடாது, அப்போதுதான் பத்து நாளில் மறுபடி மூடிக்கொள்ளும் என்பீர்கள். முதல் இலையைக் கிள்ளுமுன் "எடுத்துக்கிறேன் தாயே" என்று செடியிடம் சொல்வீர்கள். பொழுது சாய்ந்தபின் யார் வந்து கேட்டாலும் பறிக்க மாட்டீர்கள். "செடி தூங்குதும்மா" என்பீர்கள். அதை உண்மையிலேயே நம்பினீர்களா, சும்மா சொன்னீர்களா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

சிவப்பரிசியைக் குழைய விட்டு, அரைத்த இலைச்சாறும் தேங்காய்ப்பாலும் கடைசியில் சேர்த்து, பச்சை நிறம் கருகுமுன் இறக்குவீர்கள். குடிப்பவர் கையில் ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டி கொடுப்பீர்கள். பஸ் டிரைவர்கள், டீச்சர்மார், துணிக்கடைப் பிள்ளைகள் எல்லாரும் நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுவார்கள்.

ஆனால் நீங்கள் ஒருநாளும் வைத்தியர் வேஷம் போட்டதில்லை. சீனி வியாதிக்காரப் பெண் ஒருவர், கோவை இலைச் சுண்டல் சாப்பிடத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பெருமையாகச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? நான் அன்று பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் முகமே மாறிவிட்டது. "அக்கா, இது சாப்பாடு, அது மருந்து. மாத்திரைய நிப்பாட்டினா இனி என்கிட்ட எல வாங்க வராதீங்க" என்றீர்கள். அவர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினார்.

அப்படிப்பட்ட உங்களுக்கு நான் என்ன செய்தேன்?

அந்த ஐப்பசி மழையில் வாய்க்கால் பெருகிப் பாத்தி மூழ்கியது. இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்று வரப்பை வெட்டிவிட்டீர்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை கட்டுகஸ்தோட்டைக் கடையில் வேலை முடிந்து, கொத்தமல்லியும் இஞ்சியும் பற்பாடகமும் போட்டுக் காய்ச்சிய தண்ணியை பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். குடித்தீர்கள், வியர்த்தது, கொஞ்சம் சிரித்தீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தபோது உங்கள் கண் சிவந்திருந்தது. கெண்டைக்கால் தசையைத் தொடவிடவில்லை. அண்ணி அடுப்படியில் இருந்தாள். நீங்கள் மெதுவாக என்னிடம் கேட்டீர்கள்:

"சாந்தி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா?"

நான் சொன்னேன்: "இன்னும் ஒருநாள் பாப்போம் அண்ணே. நாளைக்கு எங்க கடையில சாமான் எண்ணுறாங்க, லீவு கேக்க முடியாது. வியாழக்கிழம நானே கூட்டிட்டுப் போறேன். இந்தத் தண்ணிய ரெண்டு வேளையும் குடிங்க, சரியாயிரும்."

மருந்துக்கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறவள் நான். காய்ச்சல் என்று வருகிறவர்களிடம், சேற்றிலோ வயலிலோ வேலையா என்று கேட்டுப் பழகியவள். அன்று என் வாயில் அந்தக் கேள்வி வரவில்லை. நீங்கள் என் அண்ணா. உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன்.

வியாழன் விடியும்போது கண் மஞ்சளாகியிருந்தது, சிறுநீர் நின்றுபோயிருந்தது. ஓட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தீர்கள். டாக்டர் முதலில் கேட்டதே "என்ன வேலை செய்றவர்?" என்றுதான். கீரைப் பாத்தி என்று அண்ணி சொன்னதும் அவர் தாதியைத் திரும்பிப் பார்த்தார். எலிச் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. முடிந்ததெல்லாம் செய்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள்.

பிறகு ஊர் பேசியது. அமாவாசையில் இலை பறித்ததால் வந்த வினை என்றார்கள் சிலர். அந்த வல்லாரையிலேயே விஷம் இருக்கிறது என்றார்கள் இன்னும் சிலர். அண்ணி வேலிப் படலைக் கம்பியால் கட்டிவிட்டு, ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கப் போனாள். பாத்தி முழுவதும் புல் ஏறியது. நானும் வல்லாரைச் சம்பலைத் தொடவில்லை. சந்தையில் அந்த இலைக்கட்டைப் பார்த்தால் அடுத்த பக்கம் திரும்பிவிடுவேன். எல்லாரும் துக்கம் என்று நினைத்தார்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் வருஷத் திவசம் முடிந்து சாதிசனம் போனபின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது. என்னை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

கழுவின தட்டைக் கீழே வைத்துவிட்டு, "புதன்கிழம என்கிட்டயும் கேட்டாரு" என்றாள்.

நான் அவள் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"சாந்தி வரட்டும், அவளுக்குத்தான் மருந்தெல்லாம் தெரியும்னு சொன்னேன். அந்தத் தண்ணிய சுட வச்சு, நான்தான் வாயில ஊத்தினேன். ஒரு வருஷமா உன் மொகத்தப் பாக்க முடியாமக் கெடந்தேன் சாந்தி."

இரண்டு பேரும் ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதோம். உங்கள் மகள் கவிதா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது. அவள் வந்து நடுவில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. "அப்ப எல மேல தப்பு இல்ல. அத ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அவள்.

அடுத்த ஞாயிறு கம்பியை அவிழ்த்தோம். அதற்கு முன் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷர். சேற்றில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே போட வேண்டிய மாத்திரை தந்தார். முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போட வேண்டும், காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே கூடாது என்றார். வெள்ளம் வந்தால் அந்த இலையை விற்கக்கூடாது என்றும் சொன்னார். புல்லுக்கு அடியில் உங்கள் வல்லாரை பாதிக்கு மேல் உயிரோடு இருந்தது, அண்ணா. அண்ணி குனிந்து முதல் இலையைக் கிள்ளினாள். அவள் செடியிடம் என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். எதிர்க்கடை நஸீர் நானா வந்து கஞ்சி வாங்காமல் நின்றார்.

"தங்கச்சி, கொத்தமல்லி கொஞ்சம் அவிச்சுத் தாங்களே. தம்பிக்கு மூணு நாளாக் காய்ச்ச."

"தம்பி என்ன வேல நானா செய்றாரு?" என்று நான் கேட்டேன்.

"செங்கல் சூளைக்குச் சேத்து மண் வெட்டுறான்."

"கெண்டக்கால் வலிக்குதாமா?"

"ஓ, நடக்கவே ஏலாண்டு சொல்றான்."

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். அண்ணி என்னை முந்திக்கொண்டாள். "கொத்தமல்லி தரமாட்டேன் நானா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மண் வேலைன்னு மொதல்லயே சொல்லுங்க" என்று நடுத்தெருவில் கத்தினாள். அவர் தயங்கினார். நான் பானையை விட்டுவிட்டு ஓடிப்போய் ஓட்டோவை நிறுத்தினேன். அதே காய்ச்சல்தான். தம்பி ஒன்பது நாள் வார்டில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

நேற்று அந்தத் தம்பி மெலிந்து வெளுத்துப்போய் வந்து நின்று ஒரு கோப்பைக் கஞ்சி கேட்டார். அண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அவர் குடித்ததை நீங்கள் பார்த்தீர்களா அண்ணா?

இதனால் என் பிழை அழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் என்னை மன்னித்திருப்பீர்கள். அது எனக்குத் தெரிவதால்தான் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் இப்போது சோறு இறங்குகிறது. போன வாரம் வல்லாரையை மெல்லிசாக அரிந்து, துருவிய தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு, சாப்பிட உட்காரும்போது மட்டும் புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்து சம்பல் செய்தேன். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

கவிதா உயிரியல் படிக்கப்போகிறாளாம். அவள் படித்து முடிக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் கெலிஓயா வருவேன். அண்ணியைத் தனியாக அந்தச் சேற்றில் இறங்க விடமாட்டேன். இது என் வாக்கு அண்ணா.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி,
சாந்தி