பின்னங்கால் வேடம்

மார்ச் 3
நான் தைத்த உடுப்புக்குள் நானே மாட்டிக்கொண்டேன். படத்தின் நாயகன் வேறு கிரகத்திலிருந்து வழிதவறி வந்த நாலுகால் பிராணி. பூமியில் நாதியில்லாமல் அலைந்து, கடைசியில் ஒரு பழைய வாஷிங் மெஷினோடு சிநேகம் பிடிக்கிறது. டைரக்டர் கதை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை; நானும் அடக்கிக்கொண்டேன். பின்னங்காலாக நடிக்க வந்தவருக்குக் கணுக்கால் சுளுக்கு. "அளவு தெரிஞ்சவங்க நீங்கதானே" என்று மேனேஜர் என்னை உள்ளே தள்ளிவிட்டார். தலையும் முன்னங்காலும் ஒரு நாடக நடிகை. என் வயதுதான் இருக்கும். நான் குனிந்து, அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி நடக்க வேண்டும். அவள் பேசிய முதல் வார்த்தை: "மிதிக்காதீங்க."

மார்ச் 4
மிதித்தேன். வேண்டுமென்றேதான்.

மார்ச் 6
ஜிப்பை வெளியிலிருந்து மட்டும் திறக்கிற மாதிரி வைத்த புத்திசாலி யார்? சாட்சாத் நானேதான். சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் எங்களை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். முக்கால் மணி நேரம்!

"இதைத் தச்சது யாருன்னு தெரிஞ்சா கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் தலைக்காரி.

என் கையை அவள் பட்டையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டேன். அப்புறம் பொழுது போகாமல் பேச ஆரம்பித்தோம். அவளுடைய மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசுவாளாம். என் வீட்டுக்காரர் பிரிந்துபோய் மூன்று வருடமாகிறது, வீட்டில் பேசுகிற ஒரே ஆள் ரேடியோதான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லையே, ஏன்?

மார்ச் 7
உள்ளேயிருந்தும் திறக்கிற மாதிரி ஜிப்பை மாற்றச் சொன்னார் மேனேஜர். நேரமே இல்லை என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேர வேலை.

மார்ச் 15
இன்று முக்கியமான காட்சி. வாஷிங் மெஷினைப் பழைய இரும்புக்காரர் தூக்கிப்போய்விட, பிராணி தனியாக நின்று அழ வேண்டும். டைரக்டர் உருகிப்போய், "இந்த உலகத்துல உனக்குன்னு யாருமே இல்ல..." என்றார். அந்த நேரம் பார்த்து என் வயிறு கடமுடவென்று உறுமியது.

"யாருமே இல்லையா? அப்ப இது யாரு?" என்று கிசுகிசுத்தாள் தலைக்காரி.

அவ்வளவுதான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். பிராணி தலை முதல் வால் வரை நடுங்கியது. தொலைந்தோம் என்று நினைத்தேன். வெளியே வந்தால் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்! ஒரே டேக்கில் ஓகே.

மார்ச் 18
மேனேஜர் போன் செய்தார். "மிச்சத்தை கம்ப்யூட்டர்லயே பண்ணிக்கிறோம். நாளையிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்." சரி என்றேன். தலைக்காரியின் நம்பர் என்னிடம் இல்லை. நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு கிடந்தவர்களுக்கு நம்பர் கேட்கத் தோன்றவே இல்லை.

மார்ச் 25
மேனேஜரிடம் கேட்டு வாங்கலாம். வாங்கி? "நான்தான் பின்னங்கால் பேசுறேன்"னு சொல்றதா? அவளுக்கு நாடகக்காரங்க ஆயிரம் பேர் இருப்பாங்க. நான் யாரு அவளுக்கு? — சும்மா கிட, மனசே.

ஏப்ரல் 2
அவள் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது. எழுதியே விட்டேன். போதுமா?

செப்டம்பர் 12
படம் வெளியாகிவிட்டது. பகல் காட்சிக்குப் போனேன். அந்த அழுகைக் காட்சி வந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் மூக்கைச் சிந்தினார்; பின்வரிசையில் ஒரு குடும்பமே விசும்பியது. நான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். அப்போது நாலு வரிசை தள்ளி முன்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இதுக்குப் போய் சிரிக்கிறாங்களே, மனுஷங்களா இவங்க!" என்று ஓர் அதட்டல் கேட்டது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். முன்னாலிருந்த அந்தத் தலை சட்டென்று திரும்பியது. இருட்டில் முகம் தெரியவில்லை, குரல்தான் வந்தது.

"ஏய் பின்னங்காலு! நம்பர்கூட குடுக்காம எங்கடி போய்த் தொலைஞ்சே?"

இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 5
தலைக்காரி வீட்டு ஜன்னலோரத்தை அளந்து பார்த்தோம். என் தையல் மெஷின் அங்கே தாராளமாக அடங்கும். அலமாரியை மட்டும் நகர்த்த வேண்டும். ஆள் கூப்பிடலாமா என்று கேட்டாள். எதற்கு, நாம் ரெண்டு பேர் போதும் என்றேன்.