கடைசி ஒரு சாண்

மார்ச் 3, திங்கள்

பனிச்சறுக்குத் தளத்தில் இன்று காலை பதினாறு குழி. எல்லாம் மகள் தாவும்போது சறுக்கு ஷூவின் கத்தி நுனியால் குத்தியவை. "நீங்க பாத்தா விழுறேன்பா" என்று போன வருடம் சொன்னாள். அதிலிருந்து அவள் பயிற்சி முடியும்வரை, தளத்தைச் சமன் செய்யும் வண்டியோடு ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு வாளியில் ஈரப்பனி எடுத்துப்போய்க் குழிகளை அடைக்கிறேன். சம்பளமே அதற்குத்தான்.

மார்ச் 5

லட்ஸ் என்று ஒரு தாவல். பின்பக்கமாக வழுக்கி வந்து, இடது கத்தியின் வெளி விளிம்பில் சாய்ந்தபடியே, வலதுகால் நுனியைப் பனியில் குத்தி எழும்ப வேண்டும். கால் ஒரு பக்கம் வளைந்து வரும். உடம்பு எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். பயத்தில் கால் கடைசி நொடி உள் விளிம்புக்குச் சாய்ந்துவிடும். சாய்ந்தால் சறுக்கு டெஸ்டில் தேற முடியாது.

பனியில் மகளின் கத்தி கீறிய கோடு அழகாகத்தான் வளைந்து வருகிறது. குழிக்கு ஒரு சாண் முன்னால் மனம் மாறிவிடுகிறது.

மார்ச் 6

சாண் ஏறினால் முழம் சறுக்குமாம். இங்கே சறுக்குவதற்குத்தான் கட்டணம்.

மார்ச் 8, சனி

"நான் சாயவே இல்லம்மா. கோச்சுக்குக் கண்ணு சரியில்ல. அடுத்த சனிக்கிழமை டெஸ்ட்ல போச்சுன்னா, இனிமே ஷூவத் தொட மாட்டேன்" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"கடைசி ஒரு சாண் சாயுதும்மா."

"ஒளிஞ்சு பாத்தீங்களா?"

"இல்ல. குழி அடைக்கறப்போ தெரியுது."

தட்டோடு எழுந்து போய்விட்டாள். அவள் அம்மா பார்த்த பார்வை — வேண்டாம், எழுதவில்லை.

மார்ச் 9

பேசவில்லை.

மார்ச் 11

இன்னும் பேசவில்லை. கோடு இப்போது சாயவில்லை. ஆனால் குழி பன்னிரண்டு, விழுந்து தேய்த்த தடமும் பன்னிரண்டு. தப்பாக வந்தபோது நின்றாள், சரியாக வந்தால் விழுகிறாள். ஏன்டா சொன்ன? வாய மூடிக்கிட்டு சோத்தத் தின்னிருக்கக் கூடாதா?

மார்ச் 15, சனி

டெஸ்ட். ஷெட்டில் இருந்தேன். கைதட்டல் கேட்டது. விழுந்தாலும் தட்டுவார்கள்.

வண்டியை வெளியே எடுத்தேன். மகள் வழியை மறித்து நின்றாள். நடுவர்கள் இன்னும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மூலைல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கப்பா."

போய்க் குனிந்தேன். குழிவரைக்கும் ஒரே வளைவு. அதற்கப்பால், இறங்கிய காலின் கோடு. தேய்ப்பு இல்லை.

"சாயலம்மா."

"நல்லாப் பாருங்க."

மறுபடி பார்த்தேன். கண் கலங்கியிருந்தது, சரியாகத் தெரியவில்லை. "சாயல" என்றேன்.

வண்டி ஏன் நிற்கிறது என்று மேனேஜர் கத்தினார். குழி பெரிது என்றேன்.

மார்ச் 17, திங்கள்

தேறிவிட்டாள். இன்று பயிற்சியை வெளியே நின்று பார்க்கச் சொன்னாள். நின்றேன். முதல் தாவலிலேயே விழுந்தாள்.

"உள்ள போங்கப்பா."

போனேன். அதற்குப் பிறகு ஆறு லட்ஸ், ஆறும் சுத்தம். குழி அடைக்கும்போது பார்த்தேன்.