மேல் லயத்து இரண்டாம் சாவிகள்

அக்கா,

இன்று காலை மலை ஊற்றிலிருந்து வரும் பீலியில் தண்ணீர் கலங்கி வந்தது. ஐந்து நாளாக விடாத மழை, கலங்கத்தானே செய்யும் என்று முதலில் குடத்தை வைத்துவிட்டேன். பிறகு கையை நீட்டினேன். விரலிடுக்கில் மணல் நின்றது. முகர்ந்து பார்த்தால் பச்சை மண் வாசம், புதிதாகக் குழி வெட்டிய இடத்தில் வருமே, அது. "பீலித் தண்ணி கலங்குனா மலை உள்ளுக்குள்ள கரையுதுன்னு வச்சிக்க புள்ள. ஃபாக்டரிச் சங்கு ஊதுற வரைக்கும் வாயப் பாத்துக்கிட்டு நிக்காத" என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

இதைப் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பகல் இரண்டு மணி இருக்கும். தர்ஷினி என் தொடையில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். பன்னிரண்டு வயதாகிவிட்டது என் மகளுக்கு. கால் மரத்துப்போகிறது, ஆனாலும் நகர்த்த மனமில்லை. ஜன்னல் வழியாக நம் வீட்டு வரிசையான மேல் லயமும் அதற்குப் பின்னால் மலையும் தெரிகின்றன. மலை ஒன்றும் தெரியாததுபோல நிற்கிறது. அன்றும் அப்படித்தான் நின்றது.

உங்களை நான் முதலில் கவனித்தது கொழுந்து நிறுக்கும் இடத்தில். எல்லோரும் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் கூடையை இறக்கிவிட்டு யாரிடமும் குறிப்பாகச் சொல்லாததுபோல உரக்கச் சொல்வீர்கள். "செவ்வாக்கெழம ரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில கை கால் பழக்குற கிளினிக்கு. தமிழ் பேசுற நர்ஸ் மிஸி ஒருத்தவங்க இருக்காங்க. கஹவத்தையில முத பஸ்ஸப் புடிச்சா நம்பர் கெடைக்கும்." கங்காணி முறைப்பார். நீங்கள் அடுத்த கூடைக்காரிக்கு வழிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். யார் வீட்டில் எந்தப் பிள்ளை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்களுக்கு அது பெரிய உபகாரம். தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொள்ளலாம்.

நான் உயர்தரம் வரை படித்தவள் என்ற மிதப்போடு இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் பிள்ளைக்கு ஒன்றரை வயதாகியும் தலை நிற்கவில்லை. இனி நிற்க என்ன செய்யலாம், யாரைப் போய்க் கேட்கலாம் என்று அந்தப் படிப்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் வகுப்போடு நின்ற நீங்கள்தான் சொன்னீர்கள். என்னைக் கையைப் பிடித்து ஒபிஸுக்கு இழுத்துப் போனீர்கள். சிங்களத்தில் இருந்த உதவிப்பணப் படிவத்தை எழுத்தரையே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எனக்குத் தமிழில் சொல்லி, கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள். அவர் எத்தனை தடவை "ஹெட்ட என்ன" என்றாரோ! நாளைக்கு வா, நாளைக்கு வா. பஸ்ஸில் திரும்பும்போது நீங்கள் அதே குரலில் அதைச் சொல்லிக் காட்ட, நான் தர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பிறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அப்படி ஒரு பயணத்தில்தான், மழை பெய்து பஸ் கண்ணாடியெல்லாம் மங்கிப்போன நேரத்தில், உங்கள் மகளைப் பற்றிச் சொன்னீர்கள். அதுவரை உங்களுக்குப் பிள்ளை இல்லை என்றே நினைத்திருந்தேன்.

வலிப்பு வரும் பிள்ளை. ஐந்து வயது தாண்டியதும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். கொழுந்து மலைக்குப் போகாமல் இருக்க முடியாது. நம் லயத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். சோறும் தண்ணீரும் பக்கத்தில் வைத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போனீர்கள்.

"சாயங்காலம் வந்து பூட்டத் தெறந்தேன். கதவு நகரல. அவ கதவுகிட்ட கெடந்தா. கதவு வரைக்கும் வந்துருக்கா புள்ள."

பிறகு கஹவத்தை வரும்வரை ஈரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள்.  என் வீட்டுக் கதவிலும் அப்போது பூட்டுத்தான் தொங்கியது. புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. வேறு யார் இருந்தார்கள் எனக்கு?

தர்ஷினிக்கு எட்டு வயதான வருஷம், மழைக்காலம் தொடங்கியதும் நீங்கள் அந்தத் துணி வேலையை ஆரம்பித்தீர்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய ரப்பர்த் துணிப் படங்கைக் கீலம் கீலமாகக் கிழித்து, உள்ளே பிள்ளை இருக்கிற வீட்டின் பூட்டுக் கொண்டியில் ஒவ்வொன்றாகக் கட்டினீர்கள். மண் சரிகிற நேரத்தில் ஓடி வருகிறவன் பூட்டைப் பார்த்தால் ஆளில்லை என்று தாண்டிப் போய்விடுவான், துணியைப் பார்த்தால் நிற்பான். இவ்வளவுதான் கணக்கு. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். நான் உங்களிடம் சண்டைக்கு வந்தேன்.

"என்னாக்கா செய்றீங்க? உள்ள எந்திரிக்க முடியாத பொண்ணு ஒண்டியாக் கெடக்கான்னு ஊருக்கே எழுதி ஒட்டுன மாதிரி இல்லையா? குடிச்சுட்டுத் திரியறவனுங்களுக்கு நீங்களே வழி காட்டுறீங்களா?"

நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். "நீ சொல்றதும் நெசந்தான். எனக்கு வேற வழி தெரியல புள்ள" என்றீர்கள். பிறகு கட்டிவிட்டுத்தான் போனீர்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் அந்தத் துணியை நான் அவிழ்த்து அடுப்பில் போட்டேன். அது எரியும்போது ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. பயம் பாதி, வெட்கம் பாதி. உங்களிடம் பேசியபோது பயத்தை மட்டும்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் சங்கு ஊதியது.

நான் கீழ்மலையில் நின்றேன். ஃபாக்டரிச் சங்கு வேலை நேரமில்லாத நேரத்தில் ஊதியதும் எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். நான் வழுக்கி விழுந்து எழுந்து ஓடியபோது, எதிரே லயத்துப் பையன்கள் கிழவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். "என் புள்ள?" என்று கத்தினேன். ஒருவன் சொன்னான், "ஒங்க வீடு பூட்டிக் கெடந்துச்சுங்க, ஆளில்லன்னு வந்துட்டோம்."

அந்த வாக்கியத்தை இன்றைக்கும் கனவில் கேட்கிறேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. துணி கட்டியிருந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளும் அவர்கள் முதுகில் பத்திரமாக இறங்கி வந்திருந்தார்கள்.

கோயில் வளைவில்தான் உங்களைக் கண்டேன். தர்ஷினியைப் படங்கால் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தீர்கள். கையில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி. இடுப்புவரை சேறு. வடிகால் கான் நிறையச் சேற்றுத் தண்ணீர் ஓடியதால் அதற்குள் இறங்கித்தான் வர முடிந்தது என்று பின்னால் சொன்னார்கள். கத்தியால் கொண்டியைப் பெயர்த்துக் கதவைத் திறந்திருக்கிறீர்கள். நீங்கள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் பின்சுவரோடு அடுப்படிக் குசினி உள்ளே விழுந்திருக்கிறது.

"இந்தா ஒன் புள்ள. கனம் கூடிருச்சு, சோத்தக் கொறச்சிப் போடு" என்றீர்கள். குதிகாலில் வெட்டு, ரத்தம் சேற்றோடு கலந்து வழிந்தது. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். காலைக் கழுவிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை அக்கா. எத்தனையோ பேருக்கு எந்த நாள் எந்தக் கிளினிக் என்று சொன்னவர் நீங்கள், உங்களுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை. உடம்பு வலி, தூக்கிய அசதி என்று பனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போனீர்கள். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த வெட்டு வழியாகத் தொற்றிய எலிக்காய்ச்சல் என்றார்கள்.

கட்டிலில் உங்கள் முகம் வீங்கியிருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"ஒங்க வீட்டுத் துணி... காத்து அவுத்துருச்சா?"

"ஆமாக்கா. காத்துதான்" என்றேன்.

தலையை அசைத்தீர்கள். நம்பினீர்களா, என்னை விட்டுவிட்டீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் நீங்கள் இல்லை.

அதன் பிறகு துணி கட்ட யாரும் சம்மதிக்கவில்லை. நான் அவர்களிடம் என்ன முகத்தோடு கேட்பேன்? ஒரு நாள் சீனி டின்னுக்குள் கைவிட்டபோது என் பூட்டின் இரண்டாம் சாவி கிடைத்தது. எல்லாப் பூட்டோடும் இரண்டு சாவி வருகிறது, ஒன்று முந்தானையில், மற்றது ஏதாவது ஒரு டின்னில் துருப்பிடிக்கிறது. வீடு வீடாகப் போய் அதைக் கேட்டேன். வெளியே அடையாளம் வேண்டாம், என்னிடம் சாவி இருக்கட்டும், என் வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கட்டும் என்றேன். ஒரு வருஷத்தில் ஆறு சாவி சேர்ந்தது. எந்த நாள் எந்தக் கிளினிக், எந்த ஒபிஸில் யார் தமிழில் பதில் சொல்வார் என்பதையும் நிறுக்கும் இடத்தில் இப்போது நான்தான் உரக்கச் சொல்கிறேன். கங்காணி என்னையும் முறைக்கிறார்.

ஏழாவது வீட்டில் மட்டும் முடியவில்லை. போன வருஷம் வந்த சின்னப் பெண், ஆறு வயதுப் பிள்ளை, முதுகு நிமிராது. "ஒங்ககிட்ட சாவி குடுத்தா ஒங்க வீட்டுக்கு வர்றவன் போறவன் எல்லாம் எடுக்க மாட்டானாக்கா?" என்று கேட்டாள். என் சொல்லை எனக்கே திருப்பித் தந்ததுபோல இருந்தது. மூன்று தடவை போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

இன்று பீலியிலிருந்து நேராக அவள் வாசலுக்குத்தான் ஓடினேன். சங்கு ஊதவில்லை, பிரட்டுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள், அவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடையோடு நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். துணியை நான் அவிழ்த்ததை, அடுப்பில் போட்டதை, அதனால் ஓர் உயிர் போனதை, சாகக் கிடந்தவளிடம் பொய் சொன்னதை.  

அவள் பூட்டைக் கீழே போட்டாள். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நான் இன்னைக்கி மலைக்குப் போகலக்கா. எங்க போகணும்?" என்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் கூடையை இறக்கினார்கள். கங்காணி கீழே நின்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டோம்.

தர்ஷினியோடு அந்த ஏழு பிள்ளைகளும் இங்கே பாயில் கிடக்கிறார்கள். ஒன்று அழுகிறது, ஒன்று பிஸ்கட் கேட்கிறது. மழை குறையவில்லை. சற்றுமுன் மலைப்பக்கம் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. மரமாக இருக்கலாம். மண்டபத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். மேல் லயத்தில் இன்று எந்தக் கதவிலும் பூட்டு இல்லை. ஆறு சாவியும் என் இடுப்பில் இருக்கின்றன, குனியும்போதெல்லாம் குத்துகின்றன. நாளைக்கும் மலைக்குப் போக வேண்டிவரும், மறுபடியும் பூட்டுவோம். அதனால் அவற்றைக் கழற்றவில்லை.

துணியை அவிழ்த்தது காற்று இல்லை அக்கா. நான்தான்.